நடுக்குவாதத்துக்கு பிசியோ: சிங்கப்பூரில் முதல்முறை போகிறவர்களுக்கு

அப்பாவுக்கு முதலில் வந்தது நடுக்கம் இல்லை, தோள்வலி. வலது கையைத் தூக்கிச் சட்டை மாட்ட முடியவில்லை. ‘ஃப்ரோஸன் ஷோல்டர்’ என்றார்கள். ஒரு கிளினிக்கில் ஐந்து மாதம் சூடு ஒத்தடம், கரண்ட் வைப்பது, கொஞ்சம் தேய்த்துவிடுவது என்று போனது. தோள்வலி பாதி குறைந்தது, ஆனால் நடை மெதுவாகிக்கொண்டே வந்தது. வயதாகிறது என்று விட்டுவிட்டோம்.

பிறகு வேறோர் இடத்துக்குப் போனோம். அங்கிருந்த இளம் பிசியோ (பிசியோதெரபிஸ்ட், உடலியக்கச் சிகிச்சையாளர்), தோளைத் தொடுவதற்கு முன்னாலேயே, அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து அறைக்குள் நடந்துவந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தார். “நடக்கும்போது அங்கிளுக்கு வலது கை வீசவே இல்லையே, எப்போதிலிருந்து இப்படி?” என்று கேட்டார். வீட்டில் நான்கு பேர் இருக்கிறோம், ஒருவரும் அதைக் கவனித்திருக்கவில்லை. அவர் கொடுத்த கடிதத்தோடு டாக்டரிடம் போனதில்தான் பார்க்கின்சன், அதாவது நடுக்குவாதம், என்று தெரிந்தது. தோள் இறுகுவது இந்த நோயின் ஆரம்ப அடையாளங்களில் ஒன்றாக இருக்கலாம் என்பதையும் அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன்.

நான் மருத்துவன் இல்லை. ஆறு வருடமாக அப்பாவைக் கூட்டிக்கொண்டு அலைகிற மகன். நோயின் பெயரை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, அடுத்து எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் நிற்கிற குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: என்ன கோளாறு என்று சரியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்

கை நடுங்கினாலும் கால் தடுமாறினாலும் நம் பெரியவர்கள் ‘நரம்புத் தளர்ச்சி’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். பிசியோவுக்கு அது போதாது, ஏனென்றால் அசைவுக் கோளாறுகளில் ஒவ்வொன்றுக்கும் பயிற்சி வேறு.

பார்க்கின்சன் என்ற நடுக்குவாதத்தில் அசைவு மெதுவாகும், சின்னதாகும், உடம்பு விறைக்கும். சும்மா மடியில் வைத்திருக்கும்போது கை நடுங்கும். சிலருக்கு நடுக்கமே இருக்காது. எசென்ஷியல் டிரெமர் என்பதில் கோப்பையைத் தூக்கும்போதுதான் கை ஆடும். டிஸ்டோனியாவில் தசை தானாக முறுக்கிக்கொண்டு கழுத்தையோ பாதத்தையோ ஒரு பக்கமாக இழுக்கும். சிறுமூளை பாதிக்கப்பட்டு வரும் அட்டாக்ஸியாவில் காலை அகட்டி அகட்டி வைத்து, போதையில் இருப்பவர் போல நடப்பார்கள். பிஎஸ்பி (புரோகிரஸிவ் சூப்ராநியூக்ளியர் பால்ஸி) என்று ஒன்று உண்டு. முதலில் பார்க்கின்சன் போலவே தெரியும், ஆனால் ஆரம்பத்திலேயே பின்பக்கமாக விழத் தொடங்குவார்கள், கண்ணைக் கீழே இறக்கிப் பார்ப்பதும் கஷ்டமாகிவிடும்.

பார்க்கின்சன்காரரிடம் “பெரிதாக, வேகமாக எழுந்திருங்கள்” என்று சொல்வது நல்ல பயிற்சி. பிஎஸ்பி உள்ளவரோ யோசிக்காமல் சட்டென்று எழுந்து விழுகிறவர். அவரிடம் அதையே சொன்னால் விபத்து. யூடியூபில் பார்த்த பயிற்சியை அப்படியே வீட்டில் செய்யாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

இன்னொரு வகையும் இருக்கிறது. ஸ்கேனில் ஒன்றும் தெரியாது, ஆனால் கை கால் சொன்னபடி கேட்காது. இதை ஃபங்ஷனல் கோளாறு என்பார்கள். “நடிக்கிறாள்” என்று வீட்டில் பேச்சு வரும். நடிப்பில்லை. இதற்குத் தெரிந்த பிசியோதான் முக்கியமான சிகிச்சையே.

இனி பெரும்பாலும் பார்க்கின்சனைப் பற்றியே எழுதுகிறேன், எனக்குத் தெரிந்தது அதுதான். லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் இதைப் பற்றி எழுதியதால் அந்தப் பெயர். நடுமூளையில் டோபமின் என்ற பொருளைச் சுரக்கும் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிகின்றன. நடப்பது, பொத்தான் போடுவது, படுக்கையில் புரண்டு படுப்பது இவற்றையெல்லாம் நாம் யோசித்தா செய்கிறோம்? பழக்கத்தில் நடக்கிறது. அந்தப் பழக்கத்தை ஓட்டுகிற பகுதிக்குத்தான் டோபமின் வேண்டும். அது குறையும்போது பழக்கம் அறுந்துபோய், ஒவ்வோர் அடியையும் யோசித்து எடுத்துவைக்க வேண்டிவருகிறது. நல்ல விஷயம் என்னவென்றால், யோசித்துச் செய்கிற பாதை மூளையில் வேறு. அது பெரும்பாலும் நன்றாக இருக்கும். பிசியோவின் வித்தை முழுக்க இங்கேதான் இருக்கிறது: அடைபட்ட வழியை விட்டு, இந்த இன்னொரு வழியாக அசைவைக் கூட்டிவருவது. இது புரிந்துவிட்டால் அவர்கள் சொல்கிற வினோதமான பயிற்சிகள் எல்லாமே புரிந்துவிடும்.

படி 2: கடிதமும் காசும்

தனியார் பிசியோவிடம் பல இடங்களில் நேராகவே போகலாம். வேகம் உண்டு, செலவு முழுவதும் உங்களுடையது. மானியக் கட்டணத்தில் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டுமென்றால் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) தொடங்குங்கள். சாஸ் அட்டை (தனியார் மருந்தகங்களில் சலுகைக் கட்டணத்துக்கான அரசு அட்டை) இருந்தால், அந்தத் திட்டத்தில் உள்ள குடும்ப மருத்துவரும் கடிதம் தரலாம். கடிதம் இல்லாமல் நிபுணரிடம் போய் நின்றால் தனியார் நோயாளிக் கட்டணம்தான். பின்னால் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்து வருத்தப்பட்டவர்களை எனக்குத் தெரியும்.

நரம்பியலுக்கென்றே இருக்கும் தேசிய நரம்பியல் கழகம் 1999-இல் தொடங்கியது. டான் டோக் செங் வளாகத்திலும் ஊட்ரமில் சிங்கப்பூர் பொது மருத்துவமனை வளாகத்திலும் இயங்குகிறது. மற்ற அரசு மருத்துவமனைகளிலும் நரம்பியல் நிபுணர்களும் பிசியோ பிரிவும் உண்டு. வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதைப் பாருங்கள். வாரம் ஒருமுறை, இருமுறை போகவேண்டி வந்தால், ஜூரோங்கிலிருந்து நொவீனா போய்வருவதே ஒரு நாள் வேலையாகிவிடும்.

நிபுணர் மாத்திரை எழுதிக் கொடுத்ததும் எழுந்து வந்துவிடாதீர்கள். “பிசியோவுக்கும் எழுதுங்கள் டாக்டர்” என்று வாய்திறந்து கேளுங்கள். விழுந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது நம் வழக்கம். நடை நன்றாக இருக்கும்போதே போனால் கற்றுக்கொள்வது சுலபம், நிலைமை மோசமாவதும் தாமதமாகும். நாங்கள் ஒரு வருடம் வீணாக்கினோம்.

காசு விஷயத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நாட்பட்ட நோய்களுக்கு மெடிசேவ் (மருத்துவச் செலவுக்கான கட்டாயச் சேமிப்பு) பயன்படுத்தும் திட்டத்தில் பார்க்கின்சனும் இருக்கிறது. பிள்ளைகளின் மெடிசேவையும் பெற்றோருக்காக எடுக்கலாம். வருடத்துக்கு இவ்வளவு என்று வரம்பு உண்டு, அது அவ்வப்போது மாறுவதால் கட்டண முகப்பிலேயே கேளுங்கள். பிசியோவுக்கு எவ்வளவு கழியும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். முன்னோடித் தலைமுறையினருக்கும் (1949 அல்லது அதற்கு முன் பிறந்தவர்கள்) மெர்டேகா தலைமுறையினருக்கும் (1950 முதல் 1959 வரை பிறந்தவர்கள்) கூடுதல் கழிவு உண்டு. ஊரிலிருந்து பெற்றோரை நீண்டகால வருகை அனுமதியில் வைத்திருப்பவர்கள் கவனிக்க: மானியம் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே. அவர்களுக்குத் தனியார் பிசியோவிடம் ஒரு முழு மதிப்பீடு, வீட்டுப் பயிற்சிக்கு எழுதிய திட்டம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை சரிபார்ப்பு என்று போனால் செலவு கட்டுக்குள் நிற்கும்.

படி 3: ஆளைத் தெரிந்துகொள்வது

பிசியோ என்று பலகை மாட்டியவர்கள் எல்லோரும் பிசியோ இல்லை. சிங்கப்பூரில் பிசியோதெரபிஸ்டாக வேலை செய்ய, துணை மருத்துவத் தொழில்களுக்கான மன்றத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். இதற்கான சட்டம் 2011-இல் வந்தது. மன்றத்தின் இணையப் பட்டியலில் பெயரைத் தட்டினால் பதிவு தெரியும், ஒரு நிமிட வேலை. மசாஜ் செய்பவர், ஜிம் பயிற்சியாளர், எலும்பு சரிசெய்பவர் இவர்களெல்லாம் வேறு.

பதிவு இருந்தால் மட்டும் போதாது. காலில் அடிபட்ட பந்தாட்டக்காரரைப் பார்ப்பவரும் பிசியோதான். நமக்கு வேண்டியவர் நரம்பியல் பக்கம் பழகியவர். போனிலேயே கேட்டுவிடுங்கள்: “பார்க்கின்சன் நோயாளிகளை வாரத்துக்கு எத்தனை பேர் பார்க்கிறீர்கள்?” கூச்சமாக இருக்கும், பரவாயில்லை. எல்எஸ்விடி பிக் என்ற பயிற்சிக்குச் சான்றிதழ் வாங்கியவரா என்றும் கேட்கலாம். வாரத்துக்கு 4 நாள், 4 வாரம், தினம் ஒரு மணி நேரம் என்று 16 அமர்வுகள். உடம்பு முழுவதையும் பெரிதாக அசைக்கப் பழக்குவார்கள். எல்லோருக்கும் அது தேவை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைப் படித்தவருக்கு இந்த நோய் தெரிந்திருக்கும்.

என்னுடைய சோதனை இன்னும் எளிது. முதல் சந்திப்பில் “கடைசி மாத்திரை எத்தனை மணிக்குப் போட்டீர்கள்?” என்று கேட்கிறாரா? கேட்டால் ஆள் சரி. படுக்கவைத்து ஒத்தடம் கொடுத்துவிட்டு, அரை மணி நேரம் மெஷினோடு தனியாக விட்டுப் போகிறாரா? அடுத்த தேதி வாங்காமல் வந்துவிடுங்கள்.

அப்புறம், பிசியோ ஒருவரே எல்லாம் பார்ப்பதில்லை. பொத்தான், கையெழுத்து, குளியல், சமையல் இவற்றுக்கு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். குரல் சன்னமாவதற்கும் விழுங்குவதில் சிக்கலுக்கும் பேச்சு சிகிச்சையாளர். சாப்பிடும்போது இருமல் வந்தால் அதைப் பிசியோவிடமாவது சொல்லுங்கள், அவர் சரியான ஆளிடம் அனுப்புவார்.

படி 4: போவதற்கு முந்தைய வாரம்

இந்த நோயில் ஒரு விசித்திரம் உண்டு. வீட்டில் கழிவறை வாசலில் ஐந்து நிமிடம் கால் ஒட்டிக்கொண்டு நிற்பவர், டாக்டரின் முன்னால் ராஜா மாதிரி நடந்து காட்டுவார். புது இடம், எல்லோரும் பார்க்கிறார்கள், கவனம் முழுவதும் காலில் இருக்கிறது. அந்த இன்னொரு பாதைதான் வேலை செய்கிறது. அதனால் வீட்டிலேயே கைபேசியில் வீடியோ எடுத்துவிடுங்கள்: வாசலைத் தாண்டுவது, திரும்புவது, படுக்கையிலிருந்து எழுவது. பத்துப் பத்து வினாடி போதும். அப்பா முதலில் கோபப்பட்டார், வீடியோவைப் பார்த்த பிறகு “நானா இப்படி நடக்கிறேன்?” என்று கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

ஒரு தாளில் மூன்று நாள் கணக்கு எழுதுங்கள். எத்தனை மணிக்கு மாத்திரை, எப்போது உடம்பு இலகுவானது, எப்போது மறுபடி இறுகியது. லெவோடோபா மாத்திரை (மடோபார், சினிமெட் போன்றவை) வேலை செய்கிற நேரத்தை ‘ஆன்’ என்றும், அது தீர்ந்துபோகிற நேரத்தை ‘ஆஃப்’ என்றும் சொல்வார்கள். சந்திப்பை ஆன் நேரத்தில் வைத்துக்கொண்டால் நிறையக் கற்றுக்கொள்ள முடியும். ஆஃபில் மட்டும் வருகிற சிக்கல் என்றால் அதை ஒருமுறையாவது பிசியோ கண்ணால் பார்க்க வேண்டும். அதையும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

விழுந்த கதைகளை மறைக்காதீர்கள். எங்கே, எந்தப் பக்கம், அப்போது கையில் என்ன இருந்தது, விழாமல் தப்பித்தது எத்தனை முறை என்பது வரைக்கும் சொல்லுங்கள். வழக்கமாகப் போடுகிற செருப்பையே போட்டுக்கொண்டு போங்கள். நல்ல ஷூவை அன்றைக்கென்று மாட்டிக்கொண்டு போனால், வீட்டில் வழுக்குகிற ரப்பர் செருப்பை யாரும் பார்க்கப்போவதில்லை.

மாத்திரைப் பட்டியலில் நாட்டு மருந்தையும் எழுதுங்கள். பூனைக்காலி விதையில் இயற்கையாகவே லெவோடோபா இருக்கிறது. ஊரிலிருந்து யாராவது பொடி கொண்டுவந்து கொடுப்பார்கள், நல்ல எண்ணத்தில்தான். மாத்திரையோடு அதையும் சேர்த்துச் சாப்பிட்டால் அளவு கூடி, உடம்பு தானாக நெளிய ஆரம்பிக்கலாம், தலை சுற்றலாம். பிசியோ பார்க்கிற அசைவு மாத்திரையாலா பொடியாலா என்று யாருக்கும் தெரியாமல் போகும்.

மொழி. அப்பாவுக்கு ஆங்கிலம் புரியும், ஆனால் உடம்பைப் பற்றித் தமிழில்தான் சொல்ல வரும். ஒருமுறை தாதி “அங்கிள், ஃப்ரீஸ் ஆகுதா?” என்று கேட்க, “ஆமாம்மா, ஏர்கான் கொஞ்சம் ஜாஸ்தி” என்றார். இந்த நோயில் ஃப்ரீஸ் என்றால் நடக்க நினைத்தும் கால் தரையோடு ஒட்டிக்கொள்வது. அப்பாவின் வார்த்தையில் ‘காலுக்குக் கோந்து தடவின மாதிரி’. இப்படி நாலைந்து வார்த்தைகளுக்கு முன்கூட்டியே பொருத்தம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். தமிழ் பேசும் ஊழியர் இருக்கிறாரா என்று பதிவு செய்யும்போதே கேட்டால் சில சமயம் கிடைக்கும்.

படி 5: முதல் நாள் அறைக்குள்

பெரும்பாலும் பேச்சும் சோதனையும்தான், சிகிச்சை கொஞ்சம்தான். ஏமாந்துவிட்டோமோ என்று நினைக்க வேண்டாம்.

நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லி நேரம் பார்ப்பார்கள். அப்பாவுக்கு முதல் தடவை 17 வினாடி, இரண்டு மாதத்தில் 13 ஆனது. நடையைவிடத் திரும்புகிற இடத்தைத்தான் அவர்கள் உற்றுப் பார்ப்பார்கள், எத்தனை குட்டி அடி வைக்கிறார் என்று. கையைக் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்வார்கள். சமநிலைக்கு மினி பெஸ்ட் என்ற சோதனை: 14 பகுதிகள், 28 மதிப்பெண். நடந்துகொண்டே 100-இலிருந்து மூன்று மூன்றாகக் குறைத்து எண்ணச் சொல்வதும் உண்டு. தமிழிலேயே எண்ணலாம், கேளுங்கள். அப்பா 91-இல் நின்றார். காலும் அதே இடத்தில் நின்றது. நடந்துகொண்டே போன் பேசக்கூடாது என்று நாங்கள் பத்து முறை சொல்லியும் கேட்காதவர் அன்றைக்குப் புரிந்துகொண்டார்.

பின்னால் நின்று தோளைப் பிடித்துச் சட்டென்று இழுக்கிற சோதனை ஒன்று இருக்கிறது. பார்க்கப் பதறும். பின்னால் சாயும்போது உடம்பு தானாக அடியெடுத்துவைக்கிறதா என்று பார்ப்பது அது. பிடித்துக்கொள்ள ஆள் தயாராக நிற்பார். வீட்டில் செய்து பார்க்காதீர்கள்.

படுக்கவைத்து ஒருமுறை, நிற்கவைத்து ஒருமுறை ரத்த அழுத்தமும் எடுக்க வேண்டும். எடுக்கவில்லை என்றால் கேளுங்கள். நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால், விழுவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். கோயிலில் விழுந்து கும்பிட்டு எழும்போது கண் இருட்டுகிறது என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்ததற்கு இதுதான் விளக்கம்.

கடைசியில் “உங்களுக்கு எதைச் செய்ய ஆசை?” என்று கேட்பார்கள். “நன்றாக நடக்க வேண்டும்” என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். அப்பா, தைப்பூசத்தன்று பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை பால்குடத்தோடு வரும் என் தங்கையுடன் நடக்க வேண்டும் என்றார். பிசியோ அதை எழுதிக்கொண்டு, கூட்டத்தில் நடப்பது, நீண்ட நேரம் நிற்பது, வெறுங்காலோடு நடப்பது என்று பிரித்துப் பயிற்சி போட்டார்.

படி 6: ஒட்டிக்கொண்ட காலை எடுப்பது

கால் ஒட்டும்போது குடும்பம் செய்கிற முதல் தவறு கையைப் பிடித்து இழுப்பது. மேல் உடம்பு முன்னால் வரும், கால் வராது, முகம் தரையில். இரண்டாவது தவறு “நட, நட” என்று அவசரப்படுத்துவது. நாங்கள் கற்றது நான்கு சொல்: நில், நிமிர், சாய், வை. முழுவதுமாக நில். முதுகை நிமிர்த்து. எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மெல்லச் சாய்த்து மாற்று. பிறகு ஒரே பெரிய அடி. நான்கையும் அவரே சொல்லிக்கொள்ளப் பழக்குங்கள், நீங்கள் இல்லாத நேரத்தில்தான் கால் ஒட்டும்.

இன்னொரு வழி, கண்ணுக்கு ஒரு கோடு காட்டுவது. தரையில் வண்ண டேப்பை ஓர் அடி தூரத்துக்கு ஒன்றாக ஒட்டினால், கோட்டைத் தாண்டி வைக்கிற அடி வந்துவிடும். எங்கள் வீட்டில் சமையலறை வாசலிலும் கழிவறை வாசலிலும் மஞ்சள் டேப் இருக்கிறது. வீட்டுக்கு வந்தவர் ஒருவர் “கோலமா?” என்று கேட்டார்.

மூன்றாவது, காதுக்குத் தாளம். மெட்ரோனோம் செயலியைக் கைபேசியில் வைத்து, அப்பாவின் நடைக்குப் பொருத்தமான வேகத்தைப் பிசியோ குறித்துக் கொடுத்தார். அப்பாவுக்கு அந்த டிக் டிக் பிடிக்கவில்லை. உறுமி மேளம் கேட்டால் கால் தானாக வருகிறது என்றார். அதே வேகத்தில் ஒரு மேளப் பதிவைத் தேடிக் கொடுத்தோம், வேலை செய்தது. வேகத்தை மட்டும் பிசியோவிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வேகம் கூடினால் அடி குறுகி ஓட்டமாகிவிடும், அது விழுவதில் முடியும்.

திரும்புவது தனிப் பாடம். நின்ற இடத்திலேயே சுழலக்கூடாது. பேருந்து திரும்புகிற மாதிரி அகலமாக, வளைந்து, நடந்துகொண்டே திரும்ப வேண்டும். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுச் சமையலறையில் அதற்கு எங்கே இடம் என்று கேட்பீர்கள். இடம் இல்லாத இடத்தில் கடிகார முள் மாதிரி: பன்னிரண்டில் ஒரு கால், மூன்றில் ஒரு கால், ஆறில் ஒரு கால். இதைப் பிசியோவோடு ஒருமுறை நடந்து பார்த்துத்தான் செய்ய வேண்டும், எழுத்தில் படித்தால் குழப்பும்.

தரையிலிருந்து எழுவதையும் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். நாம் பூசைக்கும் பந்திக்கும் தரையில் உட்காருகிற ஜனம். ‘இனிமேல் தரையில் உட்காராதீர்கள்’ என்று ஒரே பேச்சில் முடிக்கிற பிசியோவைவிட, உருண்டு, முட்டி போட்டு, நாற்காலியைப் பிடித்து எழச் சொல்லிக்கொடுப்பவர் மேல். விழுந்தால் எழவும் அதே வித்தைதான்.

வெளியே இரண்டு இடங்கள் சிக்கல். எம்ஆர்டி கதவு பீப் பீப் என்று மூடப்போகிற அவசரத்தில் கால் ஒட்டும். அடுத்த ரயில் வரும், விட்டுவிடுங்கள். சாலை கடக்கும்போது, கிரீன் மேன் பிளஸ் உள்ள இடங்களில் மூத்தோர் பயண அட்டையைத் தட்டினால் பச்சை விளக்கு 3 முதல் 13 வினாடி வரை கூடுதலாக நிற்கும். அட்டை பையில் இருந்தும் பலர் தட்டுவதில்லை.

படி 7: வீட்டைச் சரிசெய்வது

மூத்தோர் வீடுகளைப் பாதுகாப்பாக்கும் அரசின் ஈஸ் திட்டத்தில் குளியலறைக் கைப்பிடி, வழுக்காத தரை, சின்னச் சாய்வுப் பாதை எல்லாம் வீவக வீட்டுக்கு 95 சதவீதம் வரை மானியத்தில் கிடைக்கும். குடும்பத்தில் 65 வயதானவர் இருந்தால் விண்ணப்பிக்கலாம். 60 முதல் 64 வரை என்றால் அன்றாட வேலைகளில் உதவி தேவைப்பட வேண்டும். கைப்பிடி எங்கே என்று பிசியோவிடமோ ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடமோ கேட்டுவிட்டு விண்ணப்பியுங்கள். எங்கள் வீட்டில் முதல் கைப்பிடி அப்பாவின் பலவீனமான பக்கத்தில் வந்துவிட்டது, கேட்காததால்.

வாக்கரையும் கைத்தடியையும் தேக்காவிலோ இணையத்திலோ அவசரப்பட்டு வாங்காதீர்கள். தூக்கித் தூக்கி வைக்கிற வாக்கர், கால் ஒட்டுகிறவருக்கு நடையை இன்னும் உடைத்துவிடலாம். சக்கரம் உள்ளதிலும் பிரேக் வகை முக்கியம். எஸ்எம்எஃப் என்று சொல்லும் மூத்தோர் நடமாட்ட நிதியில் தகுதியுள்ள, 60 வயதும் அதற்கு மேலும் உள்ள குடிமக்களுக்கு 90 சதவீதம் வரை உதவி உண்டு. அதற்கு எப்படியும் தெரபிஸ்டின் மதிப்பீடு வேண்டும், அதனால் அவரிடமே தொடங்குங்கள்.

வீட்டுப் பணிப்பெண் இருந்தால் ஒரு சந்திப்புக்காவது அவரையும் அழைத்துப் போங்கள். பகலில் அப்பாவோடு இருப்பது அவர்தான். எங்கள் பணிப்பெண் நான்கு சொல்லையும் தமிழிலேயே கற்றுக்கொண்டார். அப்பா அவருக்கு மட்டும் அடங்கி நடக்கிறார் என்பது அம்மாவின் புகார்.

படி 8: பிசியோ முடிந்த பிறகு

அரசு மருத்துவமனையில் பிசியோ வருடம் முழுவதும் ஓடாது. சில வாரம் பார்ப்பார்கள், பயிற்சித்தாள் கொடுப்பார்கள், பிறகு இடைவெளிவிட்டு வரச் சொல்வார்கள். இந்த இடைவெளியில்தான் பெரும்பாலானவர்கள் நழுவுகிறார்கள். அந்தத் தாள் குளிர்சாதனப் பெட்டியின் மேல் காந்தத்தில் தொங்கும், யாரும் பார்க்க மாட்டார்கள்.

பீஷானில் இருக்கும் பார்க்கின்சன் சொசைட்டி சிங்கப்பூர் நோயாளிகளுக்கென்றே பயிற்சி வகுப்புகள் நடத்துகிறது. அங்கே போனதில் அப்பாவுக்குக் கிடைத்த பெரிய லாபம், தன்னைப் போலவே நடக்கிற பத்துப் பேரைப் பார்த்தது. பகல்நேர மறுவாழ்வு நிலையங்களுக்கும் வீட்டுக்கே வரும் தெரபிக்கும் ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பை 1800-650-6060 என்ற எண்ணில் கேளுங்கள்.

காலையில் புளோக்கின் கீழே சீனப் பெரியவர்கள் தைச்சி செய்வதைப் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவில் 195 பார்க்கின்சன் நோயாளிகளை வைத்து நடந்து 2012-இல் வெளியான ஆய்வில், வாரம் இருமுறை, 24 வாரம் தைச்சி செய்தவர்களுக்குச் சமநிலை கூடியது. வெறும் நீட்சிப் பயிற்சி செய்தவர்களைவிட விழுவதும் குறைந்தது. அப்பா இப்போது வாரம் இரண்டு நாள் அந்தக் கூட்டத்தில் கடைசி வரிசையில் நிற்கிறார், சுவர்ப் பக்கமாக. மாண்டரினில் சொல்வது ஒன்றும் புரியாது, முன்னால் இருப்பவரைப் பார்த்துச் செய்கிறார். ஆரம்பிப்பதற்கு முன் பிசியோவிடம் கேட்டோம். ஒற்றைக் காலில் நிற்கும் அசைவுகளை மட்டும் விடச் சொன்னார்.

மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் உள்ள தகராறையும் நினைவில் வையுங்கள். பருப்பு, பால், முட்டை, இறைச்சி போன்ற புரத உணவு லெவோடோபா உடம்பில் சேர்வதோடு போட்டி போடும். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் மாத்திரை போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். எங்கள் வீட்டில் அதை மாற்றியதும் காலைப் பயிற்சி நேரம் அப்படியே திருந்தியது. சாம்பாரைக் குறை சொல்லவில்லை, நேரத்தைத்தான்.

தலையில் அடிபட விழுந்தால், அதுவும் ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவராக இருந்தால், நன்றாகத்தான் இருக்கிறார் என்று தெரிந்தாலும் மருத்துவமனைக்குப் போங்கள். மயக்கமோ வாந்தியோ குழப்பமோ வந்தால் 995. அடி இல்லாமல் விழுந்திருந்தால்கூட, மாதத்தில் இரண்டாவது முறை என்றால், அடுத்த தேதிவரை காத்திருக்காமல் பிசியோ பிரிவுக்குப் போன் செய்து தேதியை முன்னால் இழுங்கள். அந்தத் தேதியைக் கேட்கும்போது மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்து வருகிற நேரமாகப் பார்த்துக் கேளுங்கள். அப்பாவுக்கு அது காலை 10.30. முகப்பில் இருப்பவர் 8.30 காலியாக இருக்கிறது என்பார், வேண்டாம் என்று சொல்லுங்கள்.